எண்ணெய்க் குளியலுக்குப் பிறகு தூக்கம்

பிள்ளை பெற்றவள் எண்ணெய் தேய்த்துக் குளித்தால் அன்று பகலில் கண்ணயரக் கூடாது என்பது கிழக்கேகோட்டையில் என் மாமியார் வீட்டு வழக்கம். எனக்கோ நாற்பது நாளும் எண்ணெய்க் குளியல். இரவில் குழந்தை தூங்க விடாது. பகலில் மாமியார் விடமாட்டார். நானும் சொன்னபடி கேட்டேன். மூன்றாவது வாரத்தில் எல்லாம் மறக்கத் தொடங்கியது. குழந்தைக்குச் சொட்டு மருந்து கொடுத்தேனா இல்லையா என்பதுகூட நினைவில் நிற்கவில்லை.

ஒரு நாள் காலை, பிழிந்து வைத்த தாய்ப்பாலுக்குப் பதிலாக நான் குடிக்க வேண்டிய பிரசவ மருந்தான அரிஷ்டத்தைப் பாலாடையில் ஊற்றிக் குழந்தையின் உதடு வரை கொண்டுபோய்விட்டேன். அதன் வாடைதான் என்னை நிறுத்தியது.

குழந்தையை மாமியார் கையில் கொடுத்தேன்.

"நான் தூங்கப் போறேம்மா."

"இப்பத்தானே குளிச்சே! ஒடம்புல நீர் கோத்துக்கும், கேட்டியா?"

"கோத்துக்கட்டும். இப்ப தூங்கலேன்னா கொழந்தைக்கு எதைக் கொடுப்பேன்னு எனக்கே தெரியாது."

"நாங்கள்லாம் தூங்காமப் பெத்து வளக்கலியா?"

"ஒங்களையும் தூங்க விட்டிருக்கணும்மா."

கதவைச் சாத்திப் படுத்தேன். செய்தது சரிதானா என்று யோசிக்க ஆரம்பித்தேன். முடிப்பதற்குள் தூங்கிவிட்டேன். மறுநாளும் குளித்தேன், மறுநாளும் தூங்கினேன்.