பாலில் போட்ட மஞ்சள்

மயிலாப்பூரில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் மாடிப் போர்ஷனில், இமயமலைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தம்பதி இருந்தார்கள். அவர் தி.நகரில் ஒரு ஓட்டலில் சமையல். அவள் பியூட்டி பார்லரில் வேலை. அவள் கழுத்தை ஒட்டி மஞ்சளாக ஒரு பட்டை எப்போதும் இருக்கும். அவர்கள் ஊர்க் காட்டில் மரத்தைத் தொற்றி வளரும் ஆர்க்கிட் செடியின் தண்டை உரித்து, நாராக்கி, அவரே பின்னிக் கொடுத்தது. காயக் காயப் பொன் மஞ்சளாகிவிடுமாம்.

வீட்டுக்கார மாமிக்கு அது மஞ்சள் கயிறு. "கழுத்துல மஞ்சளைப் பார்த்துத்தானே வீடு குடுத்தேன்" என்பாள். அது செடி நார் என்று படித்துப் படித்துச் சொன்னேன். "எதுவா இருந்தா என்ன, ஆம்படையான் குடுத்ததுதானே?" என்று என் வாயை அடைத்துவிட்டாள்.

மாடியில் அவர்கள் இருவருக்குள் அதற்கு வேறு கணக்கு. சண்டை வந்தால் அவள் அதைக் கழற்றி ஜன்னல் கம்பியில் மாட்டிவிடுவாள். சமாதானமானதும் அவர்தான் எடுத்துக் கட்டிவிட வேண்டும். துணி உலர்த்த மாடிக்குப் போகும்போது ஜன்னல் கம்பியைப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு என்ன தகராறு?" என்று சீண்டுவேன்.

போன மழைக்காலத்தில் அடையாறு பாலத்தருகே லாரி மோதி அவர் போய்விட்டார். உடலை விமானத்தில் ஊருக்குக் கொண்டுபோக ஏற்பாடு. அதற்கு முன் கொஞ்ச நேரம் வாசலில் பெட்டியைத் திறந்து வைத்திருந்தோம்.

ஆம்புலன்ஸுக்கு வழி காட்டத் தெருமுனைக்குப் போன நான் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. மாமியும் தெருப் பெண்களுமாகப் பட்டையைக் கத்தரித்து, தாலியைப் போடுகிற மாதிரியே கிண்ணத்துப் பாலில் போட்டிருந்தார்கள். "பத்தாம் நாள் இவ இங்க இருக்கமாட்டாளே, பாவம்" என்றாள் மாமி. அந்தப் பெண் தடுக்கக்கூட இல்லை. இது ஏதோ எங்கள் ஊர் மரியாதை என்று நினைத்திருக்கிறாள்.

"கண் அவிஞ்சா போச்சு உங்களுக்கெல்லாம்?" என்று கத்தினேன். மாமி அழுதுகொண்டே நின்றாள். நல்லது செய்ததாகவே நம்பினாள்; அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அந்தப் பெண் பாலிலிருந்து துண்டுகளை எடுத்துத் துப்பட்டாவில் துடைத்தாள். முனைகளைச் சேர்த்துப் பிடித்துப் பார்த்தாள். நிற்கவில்லை.

நேரமாகிவிட்டதென்று பெட்டியை மூட வந்தார்கள். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, வெறும் கழுத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"நான் கோபம் இல்ல அக்கா. அவருக்கு எப்படித் தெரியும்?"