ரிலேயில் ஒரு சிவப்புப் பொட்டு

கொட்டாம்பட்டியில் எங்கள் கிணற்று மோட்டார் எரிந்துபோன அன்று வந்த எலெக்ட்ரீசியனுக்கு ஐம்பது வயதிருக்கும். ஒல்லியான ஆள். மெயினை அணைத்து, பியூஸ் கட்டைகளைப் பிடுங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்ட பிறகுதான் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்தார்.

மோட்டார் அளவுக்கு மேல் கரண்ட் இழுத்தால் நிறுத்திவிடுவது அதற்குள் இருக்கும் ரிலே. கோடையில் அது அடிக்கடி ட்ரிப் ஆகிறதென்று, அதன் திருகைக் கடைசிவரை ஏற்றி வைத்தவன் நான்தான்.

"இம்புட்டு ஏத்தி வச்சா மோட்டார்க் காயில் எரியாம என்னண்ணே செய்யும்? யாரு திருகுனது?"

பக்கத்தில் என் மனைவி நின்றாள். "போன வருஷம் ரிலே மாட்டுனவன் வச்சுட்டுப் போனதுதான்," என்றேன்.

அவர் டார்ச் அடித்துத் திருகின் ஓரத்தைக் காட்டினார். நெயில்பாலிஷில் ஒரு சிவப்புப் பொட்டு இருந்தது.

"மாட்டுனது நான்தாண்ணே. இந்தப் பொட்டுக்கு மேல ஏத்தாதீகன்னு உங்ககிட்டதான் சொல்லிட்டுப் போனேன்."

குரலில் கோபமே இல்லை. திருகைப் பொட்டுக்கு நேராக இறக்கினார். பையிலிருந்து சின்னப் புட்டியை எடுத்து, மங்கியிருந்த பொட்டின் மேல் மறுபடி ஒன்று வைத்தார். "மோட்டாரக் கழட்டிக் காயில் கட்டக் குடுத்துருங்க. வாரேண்ணே."

போன வருஷம் ஒரு பகல் முழுக்க என் தோட்டத்தில் வேலை பார்த்தவர். பொட்டைப் பார்த்த பிறகும் அந்த முகம் எனக்கு நினைவுக்கு வரவில்லை. பெயர் இன்னும் தெரியாது.