பாடு கேட்காமல் போன பழவேற்காடு

அன்றைக்கு இருந்தவர்கள் நாலே பேர்: நான், சென்னையிலிருந்து வந்த அக்கா தங்கை இருவர், பழவேற்காட்டில் மீன்பிடிக்கும் என் மச்சான்.

கும்மிடிப்பூண்டியில் ஒப்பந்த வேலை நின்றதும் தவணையில் ஆட்டோ எடுத்திருந்தேன். ஒன்பதாவதோடு பள்ளியை விட்டவன். வரலாறு சொல்ல வராது, வழி தெரியும். சென்னைக்காரர்கள் கண்ணில் படாத இடங்களைக் காட்டியே பிழைத்துவிடுவது என்று இறங்கினேன். இவர்கள்தான் முதல் சவாரி. பிடித்துப்போனால் தோழிகள் ஆறு பேரையும் மும்மூன்று பேராக அனுப்புவதாகப் பேச்சு. மதியத்துக்கு ஏரி இறால் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். ஒரு வாரமாக டயர், மழை, பிரேக் என்று எல்லாவற்றுக்கும் கவலைப்பட்டேன். இறால் கிடைக்குமா என்று மச்சானிடம் கேட்க மட்டும் மறந்துவிட்டேன். பழவேற்காட்டில் ஆட்டோவை நிறுத்திய பிறகுதான் அவனிடம் சொன்னேன்.

"இன்னா மாமா, ஒரு போன் போடக்கூடாது? இன்னிக்கி எங்க பாடு இல்ல!"

ஏரியில் இறால் வலை போட முறை உண்டு. அதுதான் பாடு. முறையில்லாத நாளில் வலையைத் தொட்டால் ஊரே கூடி அபராதம் போடும்.

"யாரு பாடோ அவங்ககிட்ட கேளு மச்சான். வெறுங்கையோட வராத."

"நீ வாய வுடுவ, நான் தெருத்தெருவா போய்க்கினு கேக்கணுமா?" என்று முணுமுணுத்தபடி போனான்.

அதுவரை தாக்குப்பிடிக்க வேண்டும். டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்துக்கு விட்டேன். வாசலின் இருபுறமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடு.

"இன்னாப்பா, மொத எடமே சுடுகாடா?" என்றார் அக்கா.

"வயித்துல ஒண்ணும் இல்லாதப்பவே பாத்துடணும்கா."

தங்கை சிரித்துவிட்டார். முந்நூறு வருஷத்துக் கல்லெழுத்தை விரலால் தடவியபடி இருவரும் நகரவே இல்லை. பிறகு பள்ளிவாசலில் அனுமதி கேட்டு, நிழலை வைத்து நேரம் காட்டும் கல் கடிகாரத்தைக் காட்டினேன். தங்கை கைபேசியோடு ஒத்துப்பார்த்து, "கரெக்டா இருக்குக்கா!" என்றார். நானோ அந்த நிழல் மதியத்தை நெருங்க நெருங்க, மச்சான் கூப்பிட்டானா என்று என் போனை எடுத்து எடுத்துப் பார்த்தேன்.

கடைசியில் மச்சான் போன் செய்தான். பாடுக்காரர் இரண்டு கிலோ கொடுத்துவிட்டாராம், மச்சானை நம்பிக் கடனாக. அவன் வீட்டில் இலை போட்டுச் சாப்பிட்டோம். அக்கா இரண்டாம் முறை தொக்கு வாங்கிக்கொண்டு, "அடுத்த மாசம் மூணு பேரு வருவாங்க. மொத எடம் சுடுகாடுதான்னு சொல்லிடுறேன்" என்றார்.

கிளம்புமுன் அடுத்த மாதம் மச்சானின் பாடு எந்தெந்த நாள் என்று கேட்டு எழுதிக்கொண்டேன். அந்த நாள்களைத் தவிர வேறு நாளில் சவாரி இல்லை. சகோதரிகள் கொடுத்த வாடகை மாலையே ஆட்டோ தவணைக்குப் போயிற்று. பாடுக்காரருக்கு நான் இன்னும் தர வேண்டியது எண்ணூறு ரூபாய்.