சாப்பாட்டுப் பலகையை வாசிக்கச் சொன்னது

என் எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள், அதுவும் தமிழ்ப் படிப்பு. அதற்குப் பிறகு கையில் பிடித்ததெல்லாம் கரண்டிதான். மறதியும் வந்துவிட்டது. எந்தக் கிழமையில் எந்தச் சாப்பாடு என்பதில் தப்பு வரலாம். இந்த விஷயத்தில் கிழமைதான் முக்கியம், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நாகலாபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு அரசுப் பள்ளியில் மத்தியானச் சாப்பாடு சமைக்கிறேன். ஒன்றாவதிலிருந்து எட்டாவது வரை உண்டு. பிள்ளைகள் பெரும்பாலும் வீட்டில் தமிழ் பேசி, வகுப்பில் தெலுங்கு படிக்கிறவர்கள். எனக்குத் தெலுங்கு பேச வரும். எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. பள்ளியில் அது யாருக்கும் தெரியாது. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அந்த வருஷம் பள்ளி திறந்ததும் பெரிய சார் கூட்டம் போட்டார். பள்ளியை முன்னேற்ற என்னென்ன செய்யப் போகிறோம் என்று எழுதி மாட்ட வேண்டுமாம், மேலேயிருந்து உத்தரவு. டீச்சர்கள், நான்கைந்து தாய்மார்கள், சமையல்காரிகள் நாங்கள் இரண்டு பேர். பெரிய வெள்ளைத் தாளில் சார் எழுதிக்கொண்டே வந்தார். கழிப்பறைக்குக் கதவு போடுவது. எல்லாப் பிள்ளையும் தெலுங்கு வாசிப்பது, சங்கராந்திக்குள் வாசிக்க வராத பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் உட்காரவைத்து முதலிலிருந்து சொல்லிக் கொடுப்பது. சமையலறைச் சுவரில் இருக்கும் சாப்பாட்டுப் பலகையைப் புதிதாக எழுதுவது. பெயின்ட் உதிர்ந்துபோனதால் சொல்கிறார் என்று நினைத்தேன்.

நான் வாசல் ஓரமாக, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். சார் என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, மீரு ஒண்ணு செப்பண்டி. வருஷம் பூரா சோறு போட்றீங்க, உங்களுக்கு ஒரு லட்சியம் இல்லியா?"

எல்லோரும் சிரித்தார்கள். முந்தானையை வாயிலிருந்து எடுத்தேன். வாயில் வந்ததைச் சொன்னேன்.

"அன்னன்னிக்கி இன்னா சாப்பாடுன்னு பலகைல கீதே சார், அத்த படிச்சி சொல்ற புள்ளைக்கி மொதல்ல போட்லாம். படிக்காதது கடைசில நிக்கட்டும். பசிச்சா படிப்பு தானா வந்துடும்."

சார் மேஜையைத் தட்டினார். "பாருங்க, ஐடியான்னா இது!" என்று அதையும் எழுதினார். நான் சொன்னதை ஒருவர் எழுதினது என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. அன்று முழுக்க அந்தத் தாளைப் போய்ப் போய்ப் பார்த்தேன். அதில் எது நான் சொன்ன வரி என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாளிலிருந்து ஆரம்பித்தோம். பிள்ளைகள் வரிசையாக வரவேண்டும், பலகையில் அன்றைய கிழமையில் விரலை வைத்து வாசிக்க வேண்டும். பக்கத்தில் கரண்டியோடு நான். என்ன சமைத்தோம் என்று எனக்குத் தெரியும், அதனால் சரியா தப்பா என்று சொல்ல எழுத்து வேண்டியிருக்கவில்லை. செவ்வாய்க்கிழமை என்றால் பலகை பக்கம் வருவதற்குள்ளேயே "புளிஹோர!" என்று புளிசாதத்தின் பெயரைக் கத்துவார்கள். "சபாஷ், போ" என்பேன். வாரத்துக்குள் ஒரு பிள்ளையைத் தவிர எல்லாம் தேறிவிட்டது.

அவள் நாலாம் வகுப்பு. அவள் அப்பா தமிழ்நாட்டிலிருந்து சத்தியவேடு பக்கம் கம்பெனி வேலைக்கு வந்தவர். தெலுங்கு படிக்க ஆரம்பித்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. மற்றவர்கள் மாதிரி கத்தமாட்டாள். ஒவ்வொரு எழுத்தாக விரலை நகர்த்துவாள், உதடு அசையும். பின்னால் நிற்பவர்கள் முனகுவார்கள். அந்த முதல் செவ்வாய்க்கிழமை, கடைசியில் மெல்லச் சொன்னாள்.

"எலுமிச்ச சாதம்."

வரிசை முழுக்கச் சிரித்தது. ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "ஏய், உனுக்கு மூக்குகூடவா இல்ல?" என்றாள்.

நானும் சிரித்தேன். "கண்ண தமிழ்நாட்லயே வச்சிட்டு வந்துட்டியாடி? போ, கடைசில நில்லு."

"அங்க அப்டிதான் எழுதிகீது ஆயம்மா."

"சமைச்ச எனுக்குத் தெரியாதா, உனுக்குத் தெரியுமா?"

அன்றிலிருந்து அவள் இடம் கடைசி. கடைசி என்றால் குண்டான் அடியில் கருகினது, உடைந்த முட்டை, காய் இல்லாத தண்ணிக் குழம்பு. வியாழக்கிழமை மட்டும் சரியாகச் சொல்வாள். "இன்னிக்கி யாரு காதுல ஓதுனது?" என்று கேட்பேன். பிள்ளைகள் சிரிக்கச் சிரிக்க எனக்கும் வாய் வந்துவிட்டது. கூட்டத்தில் வாய் திறக்காதவள், ஒன்பது வயதுப் பெண்ணிடம் நன்றாகப் பேசினேன்.

வகுப்பிலும் அவள் வாசிப்பதை நிறுத்திவிட்டாளாம். எழுப்பிக் கேட்டால் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறாள் என்று டீச்சர் சொன்னார். மாதக் கடைசியில் பெரிய சார் தாளோடு சமையலறைக்கு வருவார்.

"எல்லாரும் படிக்கிறாங்களாம்மா?"

"ஒண்ணே ஒண்ணுதான் சார் வர்ல."

சார் குறித்துக்கொள்வார்.

சங்கராந்தி லீவுக்கு முன்னால் ஒரு நாள், எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு அவள் வந்தாள். நான் குண்டான் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆயம்மா, நான் படிக்கிறேன்னு சார் கைல சொல்லுங்க. ஒண்ணாங்கிளாஸ்ல உக்கார வச்சா நைனா இஸ்கூலே வேணான்னு நிறுத்திடுவாரு. தம்பிய பாத்துக்க ஆளு இல்லன்னு எப்ப நிறுத்தலாம்னு பாத்துக்கினு கீறாரு."

"படிச்சா நானே சொல்வேன். பொய் சொல்ல சொல்றியா என்ன?"

அவள் போய்ப் பலகை முன்னால் நின்றாள். யாரும் இல்லாததால் இந்தத் தடவை குரல் திடமாக வந்தது. திங்கட்கிழமையிலிருந்து சனிக்கிழமை வரைக்கும் ஆறு வரியும் வாசித்தாள். சாம்பார் சாதம். எலுமிச்சை சாதம். தக்காளி பப்பு. கிச்சடி. முட்டைக் குழம்பு. வெண்பொங்கல். கையில் சாம்பலோடு நான் எண்ணினேன். நாங்கள் சமைக்கிறதோடு ஒத்துப்போனது வியாழக்கிழமைக் கிச்சடி ஒன்றுதான்.

"ஆறுல அஞ்சு தப்பு," என்றேன். "போ, கெளம்பு."

என்னோடு சமைக்கிறவள், "ஒரு வார்த்த சொல்லிட்டாதான் இன்னா, கொறஞ்சா பூடுவ?" என்றாள். நான் சொல்லியதைச் சார் சுவரில் மாட்டியிருக்கிறார், அதில் எப்படிப் பொய் கலப்பது என்றேன். அப்படித்தான் எனக்கு அப்போது இருந்தது.

லீவு முடிந்து வந்ததும் அவளை ஒன்றாம் வகுப்பில் உட்காரவைத்தார்கள். பால்பல் விழாத குழந்தைகளுக்கு நடுவில் முழங்காலைக் கட்டிக்கொண்டு நான்கு நாள் உட்கார்ந்தாள். ஐந்தாம் நாள் வரவில்லை. அதற்கப்புறம் வரவேயில்லை. அந்த மாதக் கடைசியில் சார் கேட்டபோது, "இப்ப எல்லாம் படிக்குது சார்," என்றேன். அது பொய்யில்லை. வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் சொன்னார்கள்.

மேலதிகாரிகள் பார்வைக்கு வருவதற்கு இரண்டு நாள் முன்னால், தாளில் மிச்சமிருந்த வேலைக்காகப் பெயின்டர் வந்தார். புதுத் தகரத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, பழைய பலகையை வாய்விட்டுப் படித்தார்.

"சோமவாரம், சாம்பார் சாதம். மங்களவாரம், எலுமிச்ச சாதம். இது போன வருஷத்து மெனு ஆச்சே ஆயம்மா, மத்த இஸ்கூல்ல எல்லாம் மாத்தி எழுதிட்டேனே! இத்தயே எழுதட்டா, இப்ப சமைக்கிறத எழுதட்டா?"

மீதியையும் படிக்கச் சொன்னேன். தக்காளி பப்பு, கிச்சடி, முட்டைக் குழம்பு, வெண்பொங்கல். அவள் சொன்ன வரிசை அப்படியே வந்தது. சாப்பாடு மாறினது எனக்குத் தெரியும். சமைக்கிறவளே நான்தான். பலகை மாறவில்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை, அந்த எழுத்து எனக்குச் சேலையில் போட்ட பூ மாதிரிதான். அந்தப் பள்ளியில் பலகையை வாசித்தது அவள் ஒருத்திதான். மற்றவர்கள் மூக்கால் சொன்னார்கள், நான் நாக்கால் சரிபார்த்தேன்.

என்னோடு சமைக்கிறவளிடம், எனக்குப் படிக்க வராது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். "இப்ப போய் சொன்னா உனுக்குத் தெலுங்கு படிக்கத் தெரியாதுன்னும் தெரிஞ்சிடும். வாய மூடிக்கினு அடுப்ப பாரு," என்றாள்.

மூடிக்கொண்டேன்.

அதிகாரிகள் வந்தார்கள். தாளில் எல்லா வரிக்கும் நேராகச் சிவப்பு மையில் டிக் போட்டிருந்தது. என் வரியைச் சார் உரக்கப் படித்து, "இது எங்க சமையல் அம்மா கொடுத்த லட்சியம், முழுசா நிறைவேறிடுச்சி," என்றார். எனக்குச் சால்வை போர்த்தினார்கள். சொல்லியிருக்கலாம். குனிந்து கும்பிட்டேன்.

கோடை லீவில் நாகலாபுரம் பஸ் நிறுத்தத்தில் நின்றேன். பஸ் பலகை எனக்குப் படிக்க வராது, எப்போதும் யாரையாவது கேட்பேன். முன்னால் ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு நின்றாள்.

"பாப்பா, இது புத்தூர் பஸ்ஸா?"

திரும்பினாள். அவள்தான். என்னைப் பார்த்தாள். பிறகு பஸ்ஸின் நெற்றியை நிதானமாக ஒரு தடவை பார்த்தாள், உதடு அசைந்தது.

"எனுக்குப் படிக்க வராது ஆயம்மா," என்றாள்.

தம்பியை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு அந்த பஸ்ஸில் ஏறிப்போனாள். அது போன பிறகுதான் பக்கத்தில் நின்றவர் சொன்னார், புத்தூர் பஸ் அதுதான் என்று.

பழைய பலகை என் வீட்டில் இருக்கிறது, விறகு நனையாமல் மேலே போட்டிருக்கிறேன். மேலே நான் எழுதிய ஆறு சாப்பாடும் அவள் வாயிலும் பெயின்டர் வாயிலும் கேட்டவை, நானாகப் படித்ததில்லை. தெலுங்கு தெரிந்தவர்கள் யாராவது வந்து, கிழமைகள் சரிதானா என்று ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கள். ஒரே ஒரு கிழமையிலாவது அவள் தப்பாகச் சொல்லியிருந்தால், அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.