நூல் கட்டிய செம்பு

கை வெந்தது அவளுக்கே தெரியவில்லை. கஞ்சிப் பானையைத் துணியில்லாமல் இறக்கி வைத்துவிட்டு ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். தோல் கருகிய வாடை முதலில் எனக்குத்தான் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் அவள் விரலில் ஊசியால் குத்திவிட்டு, "வலிக்குதா?" என்றார்.

"எப்பக் குத்துவீய?" என்று கேட்டாள் என் மனைவி.

பெருவியாதி, குஷ்டம்.

நாங்கள் அப்போது ராஜபாளையத்தில் இருந்தோம். நான் மிஷன் பள்ளிக்கூட வாத்தியார். ஆண்டவரின் அன்பு மாறாதது என்று காலையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பேன். சாயந்தரம் வீட்டுக்கு வந்து, அவள் தண்ணீர் குடித்த செம்பைச் சாம்பல் போட்டு இரண்டு தரம் தேய்ப்பேன். அவள் பார்க்காத நேரமாகத்தான் தேய்ப்பேன். பார்த்திருக்கிறாள். ஒருநாள் வீட்டிலிருந்த இரண்டு செம்புகளில் ஒன்றின் கழுத்தில் கறுப்பு நூல் கட்டியிருந்தது.

"இது என் செம்பு. பாவம், இனி ஒங்களுக்குத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கை வலிக்காது" என்றாள். சிரிக்கத்தான் செய்தாள்.

முழங்காலில் நின்றேன். எழுந்தேன், வாசலுக்குப் போனேன், திரும்பி வந்து மறுபடி நின்றேன். மேற்கே மலைமேல் மழை இறங்குவது வாசலிலிருந்து தெரியும். எங்கள் பக்கம் ஒரு சொட்டு விழாது. என் ஜெபமும் அப்படித்தான், எங்கோ போய் யாருக்கோ பெய்தது. அவள் புருவமுடி உதிர்ந்துகொண்டே இருந்தது.

"ஆண்டவர் என்னைத் தள்ளிட்டாரோ?" என்றாள் ஒருநாள்.

"அப்படிச் சொல்லாத. அவருடைய அன்பு..."

"பாடம் நடத்தாதீய. ஒங்களுக்கு என்ன தோணுது, அதைச் சொல்லுங்க."

நான் எழுந்து வாசலுக்குப் போனேன்.

மாதம் ஒருமுறை, அப்பமும் திராட்சரசமும் வாங்கும் ராப்போஜனத்துக்கு வண்டி கட்டி ஸ்ரீவில்லிபுத்தூர் வேதக்கோயிலுக்குப் போவோம். ரசத்துக்கு எல்லாருக்கும் ஒரே பாத்திரம். அவள் வாய் வைத்ததில் எப்படி வாய் வைப்பது என்று சபையில் பேச்சு எழுந்தது. "வர வேணாம்னு யாரும் சொல்லல வாத்தியாரே" என்றார் மணியடிக்கும் கோயில்பிள்ளை. "எல்லாரும் குடிச்ச பொறவு வரட்டும். அம்புட்டுத்தான்."

அதன்பின் அவள் கடைசித் தூணோரம் உட்கார்ந்தாள். எல்லாரும் திரும்பி வந்து உட்கார்ந்த பிறகு தனியே நடந்துபோவாள். அவ்வளவு நீளமான கோயில் இல்லை அது. ஆனாலும் அவள் போய்ச் சேர வெகுநேரம் ஆகும். நான் கண்ணை மூடிக்கொள்வேன். ஜெபிக்கிறேன் என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள்.

ஒரு வருஷம் இப்படிப் போனது. தூரத்தில் பெருவியாதிக்காரர்களுக்கு ஒரு விடுதி உண்டென்றும், குருவானவர் கடிதம் கொடுத்தால் சேர்த்துக்கொள்வார்கள் என்றும் கேள்விப்பட்டேன். அங்கே போனவர்கள் திரும்பி வருவதில்லை. அவளிடம் சொல்லாமல், அந்த மாதம் ஐயரிடம் கடிதம் கேட்பதென்று முடிவு செய்தேன். குருவானவரை நாங்கள் ஐயர் என்போம்.

வழக்கமாக நான் ஆசீர்வாதம் முடியும் முன்பே வண்டி பூட்டச் சொல்ல வெளியே வந்துவிடுவேன். ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாதவன். அன்று மட்டும் கோயில் காலியாகும்வரை நின்றேன். ஐயர் எனக்கு முதுகைக் காட்டியபடி பாத்திரத்தை இரண்டு கையாலும் எடுத்து, மிச்சத்தைக் குடித்தார். தண்ணீர் ஊற்றி அலசி, அதையும் குடித்தார்.

"ஐயா, கடைசியா அதுல குடிச்சது..." என்றேன்.

"தெரியும். மிஞ்சினதை வெளிய ஊத்தக் கூடாது வாத்தியாரே. நான்தான் குடிக்கணும்."

"பயமா இல்லையா?"

"மொத மாசம் கை நடுங்கிச்சு."

"பொறவு?"

"பொறவும் நடுங்குது." பாத்திரத்தைத் துடைத்து வைத்தார். "என்ன விஷயமா நின்னீய?"

"ஒண்ணுமில்ல."

வண்டி ஊரைத் தாண்டியதும் அவள் கேட்டாள்: "என்னை அனுப்பத்தானே பேசப் போனீய?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஆமா. ஆனா கேக்கல" என்றேன். பார்த்ததைச் சொன்னேன்.

"அம்புட்டு மாசமுமா?"

"அம்புட்டு மாசமும்."

"கடைசி ஆள் நான்னுல்ல நெனச்சிருந்தேன்" என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். டாக்டர் வியாதியின் பெயரைச் சொன்ன அன்றுகூட அவள் அழவில்லை.

அழுது முடித்து நூல் கட்டிய செம்பில் தண்ணீர் குடித்தாள். நான் கையை நீட்டினேன். "கிறுக்கா புடிச்சிருக்கு?" என்று பின்னுக்கு இழுத்தாள். பிடுங்கிக் குடித்தேன். குடித்துவிட்டு முகத்தைத் திருப்பி வாயைத் துடைத்தேன். அதையும் பார்த்துவிட்டாள்.

வீட்டில் அந்த நூலை அறுக்கப் போனேன். "இருக்கட்டும். நாளைக்கும் பயம் இருக்குமுல்ல" என்றாள்.

இருந்தது. இன்னும் மூன்று வருஷம் இருந்தாள், என்னோடுதான் இருந்தாள். விரல்கள் போயின, பிறகு பார்வை. ஒரு ஜெபத்துக்கும் பதில் வந்ததாக நான் சொல்லமாட்டேன். ஆண்டவரோடு எனக்கு இன்னும் வழக்குத் தீரவில்லை. ஆனால் செம்பை அவள் வாயில் நான் பிடிக்கும்படி ஆன நாட்களில், குடித்ததும் உதட்டை இறுக்கிக்கொண்டு காத்திருப்பாள். மிச்சத்தை நான் விழுங்கும் சத்தம் கேட்ட பிறகுதான் தலையைச் சாய்ப்பாள்.