முந்திரியைப் பொறுக்கி எடுத்த கை

முருகன் அடியவர்களே,

என் மருமகள் நந்தினியின் உயிரை இறைவன் திருப்பித் தந்தான். அவள் வயிற்றில் ஐந்து திங்கள் வளர்ந்திருந்த பிள்ளையின் உயிரைத் தரவில்லை. அவ்விரு உயிர்களையும் சாவின் வாயில்வரை கொண்டுபோய் நிறுத்தியது என் கைதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதை மறைத்து அவன் அருளை மட்டும் பாடினால் அது பாதிப் பொய்யாகிவிடும்.

நான் தங்கச் சுரங்க ஊரான மாரிகுப்பத்தில் தமிழாசிரியனாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். எங்களுக்கு ஒரே மகன், அறிவழகன். அவனும் நந்தினியும் எங்களோடு வாழ்ந்தார்கள். நாள்தோறும் காலைத் தொடர்வண்டியில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் மாலையில் திரும்புவார்கள். நந்தினி பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்தவள். அவளுக்கு முந்திரி, நிலக்கடலை, எள் மூன்றும் ஆகா. துளி பட்டாலும் உதடு தடிக்கும், மூச்சு அடைக்கும். கடையில் வாங்கும் பொடிகளைச் சேர்த்தால் உடம்பெல்லாம் தடிப்பு எழும். திருமணப் பேச்சின்போதே இதையெல்லாம் தெளிவாகச் சொல்லியிருந்தாள். நான்தான் செவியில் வாங்கவில்லை. வீட்டில் தனிப் பாத்திரத்தில் தானே சமைத்து, விருந்துக்குப் போனாலும் தனக்கென உணவுக்கிண்ணம் எடுத்துவரும் பெண்ணை, நகரத்துச் செல்லம் என்றே மதிப்பிட்டேன். சுரங்கத்தார் வீட்டுக் குடல் கல்லையும் செரிக்கும் என்று அவள் எதிரிலேயே நகையாடியிருக்கிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஆடிக் கிருத்திகை அன்று நண்பகல். விடுப்பு நாளாகையால் அறிவழகனும் நந்தினியும் வீட்டில் இருந்தார்கள். கோயிலில் படைத்த சர்க்கரைப் பொங்கலைத் தொன்னையில் ஏந்தி வீட்டுக்கு வந்தேன். நெய்யில் வறுத்த முந்திரி அதன்மேல் மின்னியது. கூடத்தில் அமர்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தேன். பிறகு நந்தினியிடம் நீட்டினேன்.

"வேணாம் மாமா. முந்திரி போட்டிருக்காங்க."

"எல்லாம் எடுத்துட்டேம்மா. பாரு, ஒண்ணு இல்ல."

"அது வறுத்த நெய் உள்ள இருக்குது இல்ல மாமா? அது போதும் எனக்கு. வேணாம்."

என் துணைவியார் சரோசா அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்தார். "இன்னாங்க, விடுங்களேன். புள்ளதாச்சிப் பொண்ணு வேணாம்னுது, அப்புறம் இன்னா?"

"சாமிக்குப் படைச்சது யாருக்கும் கெடுதல் பண்ணாது. பொறக்கப்போற புள்ளைக்காக ஒரே ஒரு வாய்."

"மாமா, ப்ளீஸ்," என்றாள் மூன்றாம் முறையாக.

நான் கையை மடக்கவில்லை. அவள் அறிவழகனைப் பார்த்தாள். அவன் என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். பெரியவர் நீட்டிய கையை எத்தனை முறைதான் தள்ளுவாள் ஒரு மருமகள்? வாங்கினாள். உண்டாள்.

அவள் கையிலிருந்த நீர்க்குவளை கீழே விழுந்த ஓசைதான் அடுத்து எனக்கு நினைவிருக்கிறது. முகம் வீங்கிக் கண்கள் மூடிக்கொண்டன. மூச்சு சீழ்க்கைபோல் இழுத்தது. பக்கத்து வீட்டுக் கன்னியப்பன் ஆட்டோவைக் கிளப்பினார். சுரங்கம் மூடப்படும்வரை நிலத்தடியில் வேலை பார்த்தவர் அவர். ஆபத்தைக் கண்டால் கை தானாக இயங்கும். நான் மரம்போல் நின்றேன்.

"ஏறுங்க வாத்தியாரே! இன்னா நின்னுனு கீறீங்க?"

மருத்துவமனையில் அவளை உள்ளே கொண்டு சென்றார்கள். கதவு சாத்தப்பட்டது. எனக்கு எத்தனையோ திருப்பாடல்கள் மனப்பாடம். அன்று ஒரு சீரும் நாவில் எழவில்லை. சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு, என் தாயார் பேசிய பேச்சில், "முருகா, ரெண்டையும் விட்டுடுய்யா, என்னை எடுத்துக்கய்யா" என்று மட்டும் சொன்னேன். திரும்பத் திரும்ப அதையே சொன்னேன்.

மருத்துவர் வெளியே வந்தார். ஊசி மருந்து வேலை செய்துவிட்டது, மூச்சு சீராகிறது, இன்னும் சிறிது பிந்தியிருந்தால் ஒன்றும் செய்திருக்க இயலாது என்றார். நான் தரையில் விழுந்து வணங்கினேன். மறுநாள் காலை, வயிற்றுப் பிள்ளையின் இதயத்துடிப்பு நின்றுவிட்டது என்று சொன்னார்கள். பெண்பிள்ளை.

நந்தினி என்னை ஒரு சொல்லும் ஏசவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். தேறியதும் தாய்வீட்டுக்குப் போனாள். அறிவழகனும் பெங்களூரில் சிறு வீடொன்று பார்த்துக் குடியேறினான். போகும்போது, "அவளால இந்த வீட்ல ஒரு வாய் தண்ணி கூட குடிக்க முடியலப்பா. பயந்து நடுங்குறா," என்றான். அவ்வளவுதான்.

நான் கோயிலுக்குப் போவதை நிறுத்தினேன். யாரிடமும் பேசவில்லை. ஒருநாள் சோற்றைப் பிசைந்தபடியே சரோசாவிடம், "ரெண்டு உயிர் கேட்டேன். ஒண்ணுதான் குடுத்தான்," என்றேன்.

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். எனக்கு எதிர்ப்பேச்சு பேசியறியாதவர். "அந்தப் பொண்ணு மூணு வாட்டி வேணாம்னு சொல்லிச்சு. அது வாயில வந்து சொன்னது யாருன்னு நினைச்சீங்க? சாமி உங்கள கேட்டப்ப நீங்க காது குடுத்தீங்களா? இப்ப நீங்க கேட்டதுக்குக் கணக்குப் பாக்குறீங்க!"

அந்தச் சொற்கள் என்னை இரண்டாகப் பிளந்தன. அன்று முழுதும் அழுதேன். கார்த்திகைத் திங்களில் மறுபடியும் கோயில் படியேறினேன். இம்முறை வேண்டுதல் சிறியது. 'அவள் என்னை மன்னிக்க வேண்டாம். இந்த வீட்டில் அச்சமின்றி ஒரு வாய் உண்டால் போதும்.' அதற்கு நான் செய்ய வேண்டியதைக் காட்டு என்று கேட்டேன். வீடு திரும்பும் வழியிலேயே ஓர் எண்ணம் தோன்றியது. அவளுக்கு எது ஆகும், எது ஆகாது என்று நான் அவளிடம் ஒருமுறையேனும் கேட்டதுண்டா?

தொலைபேசியில் அழைத்தேன். எடுத்தாள். "அம்மா, உனக்கு ஆகாததெல்லாம் என்னென்ன? சொல்லு, எழுதிக்கிறேன்," என்றேன்.

"இப்பதான் மாமா ஃபர்ஸ்ட் டைம் கேக்கறீங்க," என்றாள். பிறகு சொல்லத் தொடங்கினாள். முந்திரி, கடலை, எள். அவற்றை வறுத்த சட்டி. அரைத்த மிக்சி. கிளறிய கரண்டி.

"கரண்டியுமாம்மா?"

"கரண்டியும்தான் மாமா."

இரண்டு பக்கம் எழுதினேன். என் வாழ்நாளில் அவ்வளவு அடக்கமாக யாரிடமும் பாடம் கேட்டதில்லை.

சரோசா அடுப்பங்கரையை மாற்றினார். கடலையெண்ணெயும் நல்லெண்ணெயும் வெளியேறின. பழைய மரக்கரண்டிகள் விறகாயின. மாவரைக்கும் இடத்தில் நமக்கு முன்னால் யாரோ எள்ளோ கடலையோ அரைத்திருப்பார்கள் என்பதால், மிளகாயும் மல்லியும் மஞ்சளும் வீட்டுக் கூரைமேல் காய்ந்து வீட்டிலேயே பொடியாயின. "தேங்கா எண்ணெயில காரக்கொழம்பு! மலையாளத்தார் வீட்ல வாக்கப்பட்ட மாதிரி கீது எனக்கு," என்று முணுமுணுத்தபடியே தாளிப்பார். அவள் வருவாளா என்று கேட்டால், "வரட்டும், வராம போவட்டும். அடுப்பு அதுக்கு ஏத்த மாதிரி இருக்கட்டும்," என்பார்.

தோட்டம் என் பங்கு. வீட்டின் பின்புறம் முழுதும் சுரங்கக் கற்சல்லி. கடப்பாரையால் பெயர்த்தேன். கன்னியப்பன் வேலிக்கு அப்பால் நின்று சிரித்தார். "எங்கப்பன் தங்கத்துக்குக் கூட இவ்ளோ பாடுபடல வாத்தியாரே. நீங்க கத்திரிக்காய்க்குத் தோண்டறீங்க!" சிரித்துவிட்டுத் தாமும் மண்வெட்டி எடுத்து வந்தார். பேத்தமங்களாவிலிருந்து ஏரி வண்டலை வண்டியில் கொணர்ந்து கொட்டினோம். தங்கம் பிரித்த கழிவு குவிந்து கிடக்கும் சயனைடு மேட்டுத் தூசி காற்றில் வராதபடி வேலியோரம் அடர்ந்த துணித் தட்டி கட்டினோம். தண்டுக்கீரை, அவரை, சுரை, முருங்கை எல்லாம் மெல்ல மெல்லத் தழைத்தன.

தினை விதைக்கவும் விரும்பினேன். தினைமாவும் தேனும் முருகனுக்கு உகந்த படையல். அதில் முந்திரியும் இல்லை, எள்ளும் இல்லை. கடைத்தெருவில் 'நவணெ' என்று கன்னடத்தில் சொல்லி விற்கிறார்கள். ஆனால் அங்கே நிலக்கடலை மூட்டையும் தினை மூட்டையும் அருகருகே திறந்து கிடக்கின்றன. இரண்டுக்கும் ஒரே அளவைப் படி. நந்தினி சொன்ன கரண்டி நினைவுக்கு வந்தது. விதை மட்டும் வாங்கி, பன்முறை கழுவி உலர்த்தி, நானே விதைத்தேன். முதல் விதைப்பை யாரோ ஒருவரின் பசு வேலியைத் தள்ளிவிட்டு வந்து மேய்ந்து தீர்த்தது. பாத்தியில் அமர்ந்து சிறுபிள்ளைபோல் அழுதேன். இறைவன் மறுத்துவிட்டான் என்றே எண்ணினேன். ஆனாலும் ஆடியில் மறுபடி விதைத்தேன். கதிர் முற்றியபோது குருவிகள் மொய்த்தன. தகரத்தைத் தட்டியபடி காலை முதல் மாலைவரை காத்தேன்.

"வள்ளியம்மா மாதிரி தினைக் காவல் காக்கறீங்களே வாத்தியாரே! முருகரு பொண்ணு கேட்டு வந்துடப்போறாரு, பல்லு செட்ட போட்டுக்கங்க," என்றார் கன்னியப்பன். ஓராண்டுக்கும் மேலாகச் சிரிப்பை மறந்திருந்த நான் அன்று சிரித்தேன். சிரித்ததற்காக உடனே நெஞ்சு குத்தியது.

ஐப்பசியில் அறுத்தோம். வந்தது சில படிதான். சரோசா உரலில் குத்தினார்.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சொல்லாமல் கொள்ளாமல் நந்தினி வாசலில் நின்றாள். பின்னால் அறிவழகன். அவள் கையில் தன் உணவுக்கிண்ணம். நேரே அடுப்பங்கரைக்குப் போனாள். ஒவ்வொரு தூக்கின் மூடியையும் திறந்தாள். முகர்ந்தாள். எண்ணெயைப் பார்த்தாள். கரண்டிகளைத் திருப்பிப் பார்த்தாள். நாங்கள் இருவரும் தேர்வெழுதிவிட்டு நிற்கும் மாணவர்போல் ஓரமாக நின்றோம்.

"இது எங்க அரைச்சது அத்தை?"

"இங்கயேதாம்மா. புது ஜார்ல. அது வேற எதையும் தொட்டதில்ல."

"நவணெ எந்தக் கடையில?"

"கடையில்லம்மா. இவரு போட்டது. வா, காட்றேன்."

தோட்டத்தில் அறுத்த தினைத்தாளின் அடிக்கட்டைகளைக் குனிந்து தொட்டுப் பார்த்தாள். உள்ளே வந்து அமர்ந்தாள். பையிலிருந்து, மூச்சு அடைத்தால் போட்டுக்கொள்ள மருத்துவர் கொடுத்திருந்த ஊசி மருந்தை எடுத்துத் தட்டருகில் வைத்தாள். வாசலில் ஆட்டோ வந்து நின்ற ஓசை கேட்டது. "சும்மாதான் நிக்கறேன்," என்று கன்னியப்பன் குரல் கொடுத்தார்.

சரோசா தேனில் பிசைந்துவைத்த தினைமாவில் கடுகளவு எடுத்து உதட்டில் தடவிக்கொண்டு காத்திருந்தாள். பிறகு நாவில் சிறிது. மறுபடியும் காத்திருந்தாள். சுவர்க் கடிகாரத்தின் முள்ளைத் தவிர அந்த வீட்டில் எதுவும் அசையவில்லை. நான் கண்ணை மூடவில்லை. வேண்டவும் அஞ்சினேன். அரைமணி கடந்தது. உதடு தடிக்கவில்லை. மூச்சு மாறவில்லை. அதன் பிறகே ஒரு சிறு உருண்டையை உண்டாள்.

"இன்னும் கொஞ்சம் தரட்டுமா கண்ணு?" என்று சரோசா கிண்ணத்தை எடுத்தார்.

"மாமா குடுக்கட்டும் அத்தை."

என்னால் உருண்டையைப் பிடிக்கவே இயலவில்லை. உதிர்ந்து உதிர்ந்து போயிற்று. அவள் தன் உள்ளங்கையை என் கைக்கு அடியில் ஏந்திக்கொண்டாள். உதிர்ந்ததையும் சேர்த்து உண்டாள். பிறகு என் கையைப் பற்றிக்கொண்டு, அந்த ஆடித் திங்களுக்குப் பிறகு முதன்முறையாக எங்கள் எதிரில் வாய்விட்டு அழுதாள். இழந்த பிள்ளையை நாங்கள் அனைவரும் சேர்ந்து அழுதது அன்றுதான்.

அடியவர்களே, நந்தினியின் ஒவ்வாமை நீங்கவில்லை. ஆகாதது இன்றும் ஆகாது. ஊசி மருந்து இன்றும் அவள் பையில் இருக்கிறது. என் தோட்டம் மருந்தன்று. அவள் அச்சமின்றி உண்ணக்கூடிய ஓர் இடம், அவ்வளவே. இரு வாரத்துக்கு ஒருமுறை இருவரும் வருகிறார்கள். திரும்பிப் போகும்போது கீரையும் பொடிகளும் கொண்டு போகிறார்கள். எங்கள் கோயிலில் இப்போது கிருத்திகைதோறும் தினைமாவு தனிக் கலத்தில் படைக்கப்படுகிறது. ஒவ்வொரு படையலிலும் என்னென்ன சேர்ந்திருக்கின்றன என்பதைப் பலகையில் எழுதி வைக்கிறோம். வேண்டாம் என்பவரை யாரும் வற்புறுத்துவதில்லை.

உங்கள் வீட்டிலும் ஒருவர் உணவைக் கண்டு தயங்கினால், அந்தத் தயக்கத்தை நம்புங்கள். பணிந்து கேளுங்கள். பிறகு இறைவனிடம் போய் வேண்டுங்கள். நீங்கள் கேட்பது அனைத்தையும் அவன் தருவான் என்று நான் உறுதி கூறமாட்டேன். எனக்கு அப்படித் தரவில்லை. பிறவாத அந்தப் பெண்பிள்ளைக்காக இன்றும் அவன் முன்னால் அழுகிறேன். அதே வாயால் அவனுக்கு நன்றியும் சொல்கிறேன். இரண்டையும் அவன் கேட்டுக்கொள்கிறான். நீங்களும் வாருங்கள், அழுகையோடேயே வாருங்கள்.