அகிலாண்டம் விரலை எடுத்த கணம்

பம்பாய் மாதுங்கா அகிலாண்டத்தின் முகத்தைப் பார்க்காதவர்கள்கூட அவள் குரலைக் கேட்டிருப்பார்கள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில், வெளியூர்களுக்கு ட்ரங்க் கால் இணைத்துக் கொடுக்கிற வேலை அவளுக்கு. "லைன்லயே இருங்கோ" என்று அவள் சொன்னால், செத்துக்கொண்டிருப்பவனும் ஒரு நிமிடம் காத்திருப்பான் என்று சிநேகிதிகள் கேலி செய்வார்கள். அந்த வேலை அவளுக்கு ஒரு பழக்கத்தை ஊட்டியிருந்தது. திறந்த லைனை, இரண்டு பக்கமும் பேசி முடிக்கும்வரை மூடக்கூடாது. மூடினால் எங்கோ ஒரு தாயின் அழுகை பாதியில் அறுந்துவிடும்.

அந்தப் பழக்கமே அவள் தாலிக்கு எமனாக வரப் பார்த்தது!

கணவர் அனந்தநாராயணன் மில் என்ஜினீயர். ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஜுஹு மைதானத்துக்கு ஓடுவார். அங்கே பறக்கும் கிளப்பில் சின்ன விமானம் ஓட்டுவதில் அவருக்கு அப்படி ஒரு பைத்தியம்.

"இளையாளைப் பாக்கக் கிளம்பியாச்சா?" என்பாள் அகிலாண்டம்.

"நீயும் ஒரு தரம் வாயேன். அவ உன்னை மாதிரி வாயாடி இல்லை."

1963-ஆம் வருஷம், அவர்களுடைய கல்யாண நாளன்று, அவள் சரி என்று சொல்லிவிட்டாள்.

விமானத்திலிருந்து பார்க்க, காலை வெயிலில் கடல் பளபளத்தது. மாஹிம் கழிமுகம் தாண்டி, தாராவியின் தகரக் கூரைகள் கீழே மினுங்கின. பயம் தெளிந்து அவள் சிரித்தாள்.

"நம்மாத்து மொட்டை மாடியில என் புடவை காயறதா பாருங்கோ."

பதில் இல்லை. திரும்பினாள். ஐயோ! அவர் முகம் சாம்பலாகியிருந்தது. மார்பைப் பிடித்தபடி அப்படியே ஸ்டியரிங் மேல் கவிழ்ந்தார். விமானத்தின் மூக்கு கீழே குத்தியது. கடல் எழுந்து முகத்துக்கு நேரே வந்தது.

"ஏன்னா! ஏன்னா!"

எங்கிருந்து அந்த பலம் வந்ததோ! தோளைப் பற்றி அவரைப் பின்னுக்கு இழுத்தாள், பெல்ட்டை இறுக்கினாள். பாரம் நீங்கியதும் விமானம் மெல்ல நிமிர்ந்தது. தன் இருக்கைக்கு முன்னாலும் இருந்த இன்னொரு ஸ்டியரிங்கை இடது கையால் பிடித்துக்கொண்டாள். அவர் பேசியபோது பார்த்திருந்த மைக்கை வலது கையால் எடுத்து, பொத்தானை அழுத்தினாள்.

"ஹலோ, ஹலோ! ஹெல்ப்! என் ஆத்துக்காரர் மயங்கிட்டார். யாராவது பேசுங்கோ!"

மௌனம்.

கத்தினாள். கெஞ்சினாள். குருவாயூரப்பனை அழைத்தாள். பொத்தானிலிருந்து விரலை மட்டும் எடுக்கவில்லை. திறந்த லைனை மூடலாமா?

கீழே ஜுஹு மைதானத்தின் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் அத்தனை பேரும் அவள் கதறலைக் கேட்டு உறைந்து நின்றார்கள். அந்தப் பொத்தான் அழுந்தியிருக்கும்வரை அவர்கள் சொல்வது எதுவும் மேலே கேட்காது! அவளோ, உலகமே தன்னைக் கைவிட்டதென்று நினைத்தாள். எல்லாம் முடிந்தது. மைக்கை மடியில் போட்டுவிட்டு, தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அந்தக் கணம், தலைக்கு மேலிருந்த ஸ்பீக்கரிலிருந்து ஒரு குரல் பாய்ந்தது.

"மாமீ! கேக்குதா? நான் கணேசபாண்டியன்!"

அனந்தநாராயணனுக்குப் பறக்கச் சொல்லிக்கொடுத்த திருநெல்வேலிக்காரர்.

"பேசும்போது மட்டும் பொத்தான அமுக்குங்க. கேக்கும்போது விட்டுருங்க. இது டெலிபோன் இல்ல மாமி. சார் மூச்சு விடுதாரா?"

மூக்கருகே புறங்கையை வைத்துப் பார்த்தாள். பொத்தானை அழுத்தினாள். "விடறார்... இழுத்து இழுத்து விடறார்." சட்டென்று விரலை எடுத்தாள்.

"அது போதும். ஸ்டியரிங்க இறுக்காதீய, கோழிக்குஞ்சப் பிடிக்கியாப்ல பிடிங்க. போன வாரம் குடுத்துவிட்டீங்களே ஒரு அடை, அத மென்ன பல்லு இன்னும் வலிக்கி. அப்பேர்ப்பட்ட கை, இதுக்கா நடுங்கும்?"

அழுகையினூடே அவளுக்குச் சிரிப்பு வந்தது.

அவர் சொல்லச் சொல்ல, கடல் பக்கமாக அகலமாய் வட்டமிட்டு, ஓடுபாதைக்கு நேரே வந்தாள்.

"நடுவுல கறுப்புக் குமிழு இருக்கா? அதான் என்ஜின் வேகத்தக் குறைக்கது. ஸ்டவ் திரிய இறக்குத மாதிரி கொஞ்சங் கொஞ்சமா இழுங்க. கீழ பாக்காதீய, பாதையோட கடைசியப் பாருங்க. இப்ப மூக்கத் தூக்குங்க... மெல்ல... மெல்ல!"

தரை இடித்தது. விமானம் துள்ளியது, மறுபடி இடித்தது, பாதையை விட்டு விலகிப் புல்லில் ஓடி, ஒரு சக்கரம் முறிந்து சாய்ந்து நின்றது.

ஓடிவந்தவர்கள் அனந்தநாராயணனைத் தூக்கி ஸ்ட்ரெச்சரில் கிடத்தினார்கள். டாக்டர் ஊசி போட்டார். அகிலாண்டம் மட்டும் இருக்கையை விட்டு அசையவில்லை. கண்கள் நிலைகுத்தி, ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தாள்.

கணேசபாண்டியன் மூச்சிரைக்க வந்தார். "மாமி, இறங்கியாச்சு. கைய எடுங்க."

"மாட்டேன். எடுத்தா லைன் கட்டாயிடும்."

அந்தப் பெரிய மனிதரின் கண்கள் குளமாயின. அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, ஸ்ட்ரெச்சர் அருகே அழைத்துப்போய், அந்தக் கையைக் கணவரின் மார்பில் வைத்தார்.

கைக்கு அடியில் இதயம் மெதுவாக, விட்டுவிட்டு, துடித்துக்கொண்டிருந்தது.

"லைன் இருக்கு மாமி," என்றார்.

அப்போதுதான் அகிலாண்டம் வாய்விட்டு அழுதாள்.